எருக்கஞ்செடிக்கு ஒரு தொட்டி

கணவர் மாரடைப்பில் இறந்த பிறகு, அந்தக் கோடை விடுமுறை முழுக்க படூர் வீட்டின் பால்கனியைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கண் அந்தப் பக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருங்குழியிலிருந்து கொழுந்தனார் வந்தார். வாடகை வேன் ஓட்டுகிறவர். செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும், மனசுக்கு நன்றாக இருக்கும் என்று சவாரி வந்த யாரோ சொன்னார்களாம். என்னை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மாமல்லபுரம் சாலையில் ஒரு நர்சரியில் நிறுத்தினார்.

அவர் நிறம் பார்த்து ரோஜாவை எடுத்தார். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். வகுப்பில் பேசும் அதே குரலில், தேன் குடிக்க இட்லிப்பூ போதும், முட்டையிட வேண்டுமானால் எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு வேண்டும், புழு இலையைத்தான் தின்னும் என்றேன். ரோஜாவைத் திருப்பி வைத்துவிட்டார்.

எருக்கு அங்கே கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் சவுக்குத் தோப்பு ஓரத்து மணலில் ஒரு சின்னக் கன்றைப் பார்த்து, ஸ்பானரால் தோண்டி எடுத்தார். எருக்கு வீட்டுக்கு ஆகாது என்பார்களே என்று ஒரு தடவை கேட்டார். இனி என்ன ஆக இருக்கிறது என்று நினைத்தேன்.

மழைக்குப் பிறகு கன்று தழைத்தது. கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட புழுக்கள் வந்தன. அடுத்த முறை வந்தவர் மொட்டைக் காம்புகளைப் பார்த்துப் பதறிப்போனார்.

"இன்னா அண்ணி, மொத்தமா துன்னுட்டு கீது. மருந்து அட்ச்சிரவா?"

"அதுக்குத்தான வச்சோம். தின்னட்டும்."

பிறகு ஒருநாள் காலை, அவர் காபி குடித்துக்கொண்டிருக்கையில் தொட்டி விளிம்பில் தொங்கிய கூடு பிளந்தது. ஆரஞ்சு இறகு ஈரமாகச் சுருண்டு வெளியே வந்தது. அது எப்படி விரியும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். சாவு வீட்டில் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஓடிக்கொண்டே இருந்தவர். அன்றைக்கு அவர் அழுது நான் பார்க்கவில்லை.

"அண்ணன் பாத்திருந்தா சிரிச்சிருப்பான் அண்ணி. எருக்க போயி தொட்டில வச்சிகினு கீறாங்களேன்னு."

எனக்கும் அழுகை வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. கொடியிலிருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். அது சரியாகக் காயவில்லை என்பது மட்டும் கைக்குத் தெரிந்தது.

பட்டாம்பூச்சி வெயிலில் இறகை விரித்து மூடிப் பார்த்துவிட்டு, எதிர் பிளாக்கைத் தாண்டிப் போனது. உள்ளே போய் தோசை ஊற்றினேன். முகம் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். ஊற்றினேன்.