பத்து நிமிடப் பேச்சும் என் இரண்டு நிமிடத் தமிழும்

அந்தப் புகைப்படத்தை வெள்ளைக்கார சார் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். லண்டன் புறநகர்ப் பாதையில் ஓடிய ஆரம்பகால மின்சார ரயில். இன்ஜின் என்று தனியாக ஒன்று கிடையாது. மோட்டார்களைப் பெட்டிகளுக்கு அடியிலேயே சுமந்துகொண்டு ஓடும் வண்டி. அதன் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞர். “என் அப்பா” என்பார். பிறகு அவர் விரல் கீழே இறங்கி, சக்கரத்துக்கு அருகே துருத்திக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் கட்டையின் மேல் நிற்கும். பாதையோரம் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் கிடக்கும். மின்சாரம் அதில்தான் இருக்கும். கட்டை அதை உரசிக்கொண்டே போய் மின்சாரத்தை வாங்கும். துபாயில் நாங்கள் போட்டுக்கொண்டிருந்த மெட்ரோ ரயில் பாதையிலும் அதே ஏற்பாடுதான்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் பயிற்சி அலுவலகத்தில் நான் கிளார்க். வெள்ளைக்கார சார் அங்கே பாதுகாப்புப் பயிற்சியாளர். அவர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் வேலை. எதிரே பெஞ்சுகளில் இருப்பவர்கள் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து விடியுமுன்பே பஸ் ஏறி வந்தவர்கள். பாதிப் பேருக்குக் கண் சொருகும். வாசலில் ஃபோர்மேன் “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்திக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். வாரா வாரம் ஒரே பேச்சு. எனக்கு அது மனப்பாடமாகி, பிறகு சலிப்பாகி, கடைசியில் எரிச்சலாகவும் ஆகிவிட்டது.

அவர் சொன்னது அப்பாவுடைய கூட்டாளி ஒருவர் செத்த கதை. நீராவி வண்டி வந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். மின்சாரம் பாயும் தண்டவாளமோ செத்த பாம்பு மாதிரி சும்மா கிடக்கும். அன்று ஒரு பகுதியில் மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்தக் கூட்டாளி வேலைக்கு உட்கார்ந்தார். தூரத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. அதன் பின்பாதி மின்சாரம் உள்ள பகுதியில், முன்பாதி அணைத்த பகுதியில். பின்கட்டை வழியாக ஏறிய மின்சாரம் ரயிலின் நீளத்துக்கும் கம்பியில் ஓடி, முன்கட்டை வழியாக அணைத்த தண்டவாளத்துக்குள் இறங்கிவிட்டது. “ஆகவே மின்சாரம் போட்டால் எரியும் சிவப்பு விளக்கை மட்டும் நம்பாதீர்கள். ரயில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும், மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் கம்பி மாட்டாமல் கை வைக்காதீர்கள்” என்று முடிப்பார். பத்து நிமிடம் பிடிக்கும்.

முதல் சில வாரங்கள் முழுவதையும் சொன்னேன். பிறகு கதையை விட்டேன். பிறகு ரயிலை விட்டேன். கடைசியில் எர்த் கம்பியும் போய், இவ்வளவுதான் மிஞ்சியது: “சிவப்பு லைட் எரிஞ்சா தொடக் கூடாது. அணைஞ்சிருந்தா வேலை பாக்கலாம். புரிஞ்சுதா?” எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஃபோர்மேன் என் தோளைத் தட்டிக்கொடுப்பார்.

அரியலூர் அண்ணன் அப்படித் தலையாட்டியவர்களில் ஒருவர். சாப்பாட்டு நேரத்தில் கடிதம் படித்துக்காட்டச் சொல்லி என்னிடம் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு முற்பகல், பணிமனைக்குள் மூன்றாவது தண்டவாளத்தின் மூடியைக் கழற்றி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்திருந்தது. சோதனைக்கு வந்த ரயில் ஒன்று, இரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தின் மேல் மெதுவாக வந்து நின்றது. நான் ஓடிப் போனபோது அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எர்த் கம்பிப் பெட்டி பூட்டைக்கூடத் திறக்காமல் பக்கத்திலேயே இருந்தது.

உயிர் பிழைத்தார். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை செய்ய ஆஸ்பத்திரிக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னையே கூட்டிக்கொண்டு போனார்கள். “உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டார்கள். அண்ணன் மருந்து மயக்கத்தில் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “லைட்டு அணைஞ்சிருந்தா வேலை பாக்கலாம்னுதான் சொன்னாங்க.”

சொன்னாங்க. யார் என்று அவர் சொல்லவில்லை; தமிழில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆங்கிலத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் “பயிற்சியாளர் சொன்னார்” என்று மொழிபெயர்த்தேன். “அவர் சொன்னதை எல்லாம் அப்படியே தமிழில் சொன்னாயா?” என்று அடுத்த கேள்வி எனக்கு. “ஒரு வார்த்தை விடாமல்” என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

இரண்டு வாரத்தில் சாரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மேசையைக் காலி செய்யும்போது நான்தான் அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவர் போல என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நான் பத்து நிமிடம் பேசுவேன். நீ இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். தமிழ் ரொம்பச் சுருக்கமான மொழி போலிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

நான் பெட்டியைக் காரில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அதன்பின் ஆறு வருடம் அதே ஊரில் வேலை பார்த்தேன். அந்த ரயிலில் மட்டும் ஏறியதில்லை. கேட்டவர்களிடம், கேம்ப் பஸ் இருக்கும்போது எதற்கு என்று சொல்லிக்கொண்டேன்.

சென்ற வருடம்தான் அரியலூர் பக்கம் போய் அண்ணனைத் தேடிப் பிடித்தேன். அடையாளம் தெரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. “வா தம்பி, வா” என்று இடது கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: பெஞ்சுக்கு முன்னால் நான் விழுங்கியதை, ஆஸ்பத்திரியில் நான் மாற்றியதை, அந்த மனிதருக்கு வேலை போனதை.

போன கையைப் பற்றித்தான் அவர் பேசுவார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

“அந்த வெள்ளைக்காரருகிட்ட சொல்லிட்டியா?”

“இல்லண்ணே. எங்க இருக்காருன்னே தெரியல. தேடவும் இல்ல.”

“இத்தன வருசமா அந்த மனுசனத்தான் சாபம் விட்டுக்கிட்டு இருந்தேன் தம்பி. சட்ட மாட்ட முடியாத ஒவ்வொரு நாளும். அவன் குடும்பம் வெளங்காதுன்னு கோயில்ல நின்னு சொல்லியிருக்கேன். ஒரு தப்பும் செய்யாதவன. கை போனது போவட்டும். இந்தப் பாவத்தையும் என் தலையில கட்டிட்டியேடா.”

எழுந்து உள்ளே போனார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றிருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.