புஷ்பா அக்கா போட்ட லேபல்கள்

பத்து பாகாட் ஊரில் இருந்த புஷ்பா அக்கா இன்று காலை தவறிவிட்டார். மாரடைப்பு.

மகள்தான் போன் செய்தாள். "அம்மா அக்கவுண்ட்ல இருந்து நம்ம வாசகர் குரூப்ல நியூஸ் போட்டேன் அண்ணா. வரவே மாட்டேங்குது. அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. போன் ரோசாக், கெட்டுப்போச்சுனு நெனச்சு ரெண்டு தடவ கடைக்குக் கொண்டு போனாங்க."

"ஏதோ டெக்னிக்கல் ப்ராப்ளம்மா" என்றேன்.

ப்ராப்ளம் எதுவும் இல்லை. இந்தக் குரூப்பின் அட்மின் நான். அவருடைய பதிவுகளை நிறுத்தி வைத்ததும் நான்தான்.

அக்காவுக்குத் துணி ஃபேக்டரியில் வேலை. தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவு. பஸ்ஸில், ரெஸ்ட் டைமில்... கையில் எப்போதும் புத்தகம் இருக்கும்.

போன வருடம் நண்பர் ஒருவரின் நாவலுக்கு இங்கே விமர்சனம் எழுதினேன். "ஒவ்வொரு தாயும் படிக்க வேண்டிய நாவல்" என்று முடித்திருந்தேன்.

அதை நம்பி அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெண் அப்போதுதான் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்திருந்தாள். நாவலின் நடுவில் ஒரு கைக்குழந்தை சாகிறது. பக்கம் பக்கமாக...

அக்கா இன்பாக்ஸில் வந்தார். "தம்பி, நீங்க அத முழுசா படிச்சீங்களா?"

"படிச்சேன்கா."

நான் படித்தது நாற்பது பக்கம்.

அப்புறம்தான் குரூப்பில் அந்த யோசனையைச் சொன்னார். "விமர்சனத்துக்கு மேல ஒரு லேபல் போடலாம் லா. முழுசா படிச்சாச்சா, முடிவ சொல்லியிருக்கா, எழுதினவரு நமக்கு ஃபிரண்டா, மனசு கஷ்டப்படுற விஷயம் இருக்கானு. எங்க ஃபேக்டரில லேபல் இல்லாம ஒரு சட்ட வெளிய போகாது."

"புத்தகம் சட்டை இல்லக்கா" என்று கமெண்ட் போட்டேன். சிரிப்பு எமோஜிகள் குவிந்தன. அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்கா விடவில்லை. பழைய விமர்சனங்களை அவரே வகை பிரித்து, லேபல் போட்டுப் பதிவிட ஆரம்பித்தார். விமர்சனம் எழுதுகிறவர்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. என் அனுமதி இல்லாமல் அவருடைய பதிவு வெளிவராதபடி செட்டிங்கை மாற்றினேன். அனுமதி கொடுக்கவே இல்லை.

நிறுத்தி வைத்த பதிவுகளை இன்று போய்ப் பார்த்தேன். மேலே மரணச் செய்தி. அதற்குக் கீழே அக்காவின் பட்டியல்கள், வரிசையாக...

என் விமர்சனமும் இருந்தது. லேபல்: "முழுமையாகப் படித்து எழுதியது. குழந்தை இறப்பு உண்டு."

நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்.

மகளுக்குத் திரும்பப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"குரூப்ல எழுதட்டுமாம்மா?"

"எழுதுங்க. எனக்கு நடந்ததையும் சேர்த்து எழுதுங்க." வைத்துவிட்டாள்.

அக்காவின் பதிவுகள் எல்லாவற்றையும் இப்போது வெளியிட்டுவிட்டேன். என் விமர்சனத்தின் லேபலுக்குக் கீழே மட்டும் ஒரு திருத்தம் போட்டிருக்கிறேன்: நாற்பது பக்கம்தான் படித்தேன். எழுதியவர் என் நண்பர்.

நாளை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டில் இறுதிச் சடங்கு. நான் இருக்கும் உலு திராமிலிருந்து விடியும்போதே கிளம்புகிறேன். உள்ளே விடுவார்களா தெரியாது...

உங்ககிட்ட பொய் சொன்னேன்கா. போய் வாங்க.