பெரியம்மா என்ன தின்கிறாள்?

அம்மாவுக்குத் தன் அக்காவின் மேல் பொறாமை. நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம், அவளே ஒப்புக்கொள்வாள். "ஆமா, வவுத்தெரிச்சல்தான். இல்லீன்னா சொன்னேன்?" என்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. பெரியம்மா அம்மாவுக்கு நான்கு வயது மூத்தவள். ஆனால் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிட வந்த பெண், பெரியம்மாவைக் காட்டி, "தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பெரியம்மா சிரித்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. அம்மா அன்றைக்குப் பாயசத்தைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "அவளுக்கு மூட்டு வலியில்ல, சுகரில்ல, முடிகூட நரைக்க மாட்டீங்குது. எதையோ திங்கறா. சொல்ல மாட்டீங்கறா" என்று முடிவு கட்டினாள்.

அதோடு அக்காவுக்குப் போன் செய்வதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் ரகசியம் தெரிய வேண்டுமே. முழுப்பரீட்சை லீவு வந்ததும் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த என்னை அப்பாவோடு பெரியம்மாவின் ஊரான எருமப்பட்டிக்கு அனுப்பிவைத்தாள். "அவ என்னென்ன திங்கறான்னு பாத்து வெச்சுக்க சாமி. ஒண்ணு உடாம வந்து சொல்லோணும்."

பெரியப்பா இறந்து, மகளும் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டதால் பெரியம்மா தனியாகத்தான் இருந்தாள். வேவு பார்ப்பது சுலபமாக இருந்தது. காலையில் ராகிக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மத்தியானம் கொஞ்சம் சோறு, அதைவிட அதிகமாகக் கீரை, கொள்ளு ரசம், மோர். நடுவில் பசித்தால் வேகவைத்த கடலைக்காய். டீக்குச் சர்க்கரை கிடையாது. பொழுது சாய்ந்து ஆறரைக்கெல்லாம் இரண்டு இட்லியோடு ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். ஒவ்வொரு வாயையும் மாவாக அரைத்துத்தான் விழுங்குவாள். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குக் கொட்டாவி வரும். லேகியம் ஏதாவது ஒளித்து வைத்திருப்பாளோ என்று அலமாரியைக்கூடத் துழாவினேன். தலைவலித் தைலம்தான் கிடைத்தது.

சாப்பிடும்போது எங்கள் வீட்டுக் கதையைத்தான் கேட்பாள். ஒருநாள், "ராத்திரிக்கு உங்கம்மா எப்பச் சாமி சாப்பிடுவா?" என்றாள்.

அப்பாவுக்கு ரயில்வேயில் ஷிப்ட், அண்ணனுக்கு டியூஷன். ஆளுக்கொரு நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவோம். "எல்லாத்துக்கும் போட்டுட்டு மீந்ததத்தான் அம்மா திங்கும். அண்ணன் பிச்சுப் போட்ட தோசை, நான் வெச்ச தயிர்சோறு, எல்லாம்" என்றேன்.

பெரியம்மா மெல்லுவதை நிறுத்தினாள். "கொடுத்து வெச்சவ" என்றாள்.

எங்கள் ஊர் சூரமங்கலத்துக்குத் திரும்பிய அன்று ராத்திரியே அம்மா என்னைச் சமையலறையில் உட்காரவைத்து விசாரித்தாள். கூழ், கீரை, கொள்ளு, ஆறரை மணி, அரைத்து விழுங்குவது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவளுக்குத் திருப்தியில்லை. "இதத்தான நானும் ஆக்கறேன். வேறென்ன சொன்னா?"

கொடுத்து வைத்தவள் என்றதைச் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நக்கலு. எச்சிச்சோறு திங்கறவளப் பாத்தா நக்கலாத்தான இருக்கும்."

"நக்கலில்லம்மா. சிரிக்கவே இல்ல."

"அப்பறம் என்ன பண்ணுனா?"

"அப்பறம் தட்டக் கழுவி வெச்சுட்டு, கதவச் சாத்திட்டுப் படுத்துக்கிச்சு. அங்க பேசறதுக்கு ஆரு இருக்கா? அதான் வெரசாத் தூங்கிருது. வெரசாத் தூங்குனா முடி நரைக்காதாட்டம் இருக்குதும்மா" என்றேன். கடைசியில் துப்புத் துலக்கிவிட்ட பெருமை எனக்கு.

அம்மா அடுப்பை அணைத்தாள். போனை எடுத்து, மாதக்கணக்கில் பேசாத அக்காவைக் கூப்பிட்டு, "சாப்பிட்டயாக்கா?" என்றாள்.

அப்போது மணி எட்டு. பெரியம்மா ஆறரைக்கே சாப்பிட்டுவிடுவாள் என்று இவ்வளவு நேரம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன், அதையே போய்க் கேட்கிறாளே, நான் சொன்னதில் ஒன்றையும் இவள் காதில் வாங்கவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.