இருபத்திரண்டு பிளாப்பி பியானோ

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு, அது எனக்காகத்தான் வாங்கப்பட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அப்பாவும், "பாப்பா படிப்புக்கு ஆகும்ல" என்றுதான் சொன்னார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. பேராவூரணியில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் நுழைந்த முதல் வீடு எங்களுடையது. அந்தப் பெருமை ஒரு மாதம் தாங்கியது. அதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் படிப்புக்கு வந்த கம்ப்யூட்டரில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தால் பெரிது. மற்ற நேரமெல்லாம் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து அதைப் பியானோ வாசிக்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பியானோ கதையைச் சொல்லிவிட வேண்டும். அம்மா தஞ்சாவூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே ஒரு சிஸ்டர் அவளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று, வழக்கம்போல யாரோ, பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். "பாட வராது. பியானோ வாசிப்பேன்" என்றாளாம் அம்மா. காப்பி டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்த அப்பா, தன்னை யாரும் கேட்காமலே, "அதுக்கென்ன, வாங்கிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். பியானோ எவ்வளவு பெரியது என்றுகூட அவருக்கு அன்றைக்குத் தெரியாது. ஆர்மோனியத்துக்கு அண்ணன் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருக்கிறார்.

அதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னடா, பியானோ வந்துருச்சா?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாரையும்விட அதிகமாக அம்மாதான் சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே சட்டையின் மேல்பொத்தானைத் திருகுவார். பதினான்கு பொங்கலாக அந்தப் பொத்தான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த அத்தை மகன், அதாவது என் அத்தான், நாற்பது பியானோ மெட்டுகளைத் தேடியெடுத்து ஒரே பிளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாம் மிடி என்கிற வகை ஃபைல்கள். நாற்பதும் உள்ளங்கை அகலத் தகட்டில் அடங்கிவிட்டதே என்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். வாழ்த்து அட்டையைத் திறந்தால் ஒன்று கீச்சிடுமே, அந்தச் சத்தம் வந்தது.

ஆனாலும் அவர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பதையும் ஒவ்வொன்றாகப் போட்டார். திரையைப் பார்க்காமல் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பதினேழாவது மெட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் துருவும் சத்தம் நின்றது. மெட்டு முடிந்த பிறகுதான் மறுபடி கேட்டது. அப்பா தினசரிக் காலண்டரின் ஓரத்தில் பதினேழு என்று எழுதி வட்டம் போட்டார். மீதி இருபத்து மூன்றையும் ஒப்புக்குப் போட்டு முடித்தார். எனக்கோ என் ஒரு மணி நேரம் போய்விட்ட கடுப்பு.

பிறகு சத்தத்தைச் சரிசெய்யும் வேலை தொடங்கியது. அப்பா முதலில் ஸ்பீக்கர்மேல் பழியைப் போட்டார். அம்மா கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, எதிர்வீட்டு மைக்செட்காரரிடமிருந்து கல்யாணத்துக்கு வைக்கும் ஆளுயரப் பெட்டி ஒன்றையும் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்து கம்ப்யூட்டரோடு இணைத்தார். அதே கீச்சுச் சத்தம் இப்போது தெரு முழுக்கக் கேட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பிள்ளைகள் ஐஸ் வண்டி என்று நினைத்து வாசலுக்கு ஓடிவந்தன. மைக்செட்காரர் பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், பொட்டியில கோளாறு இல்ல. உள்ள வாசிக்கிறவன்தான் சரியில்ல" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. உடனே போய் அத்தானுக்கு போன் போட்டார்.

மைக்செட்காரர் விளையாட்டாகச் சொன்னதைத்தான் அத்தானும் சொன்னார். அந்த ஃபைலில் சத்தமே கிடையாதாம். எந்தக் கட்டையை எப்போது அமுக்க வேண்டும், எவ்வளவு அழுத்தி, எப்போது விட வேண்டும், காலால் மிதியை எப்போது மிதிக்க வேண்டும் என்று வரிசையாகக் குறித்துவைத்திருக்குமாம். சத்தத்தைக் கம்ப்யூட்டர்தான் தன் கையிலிருந்து போட வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் கையில் இருந்தது அந்தக் கீச்சுதான்.

அப்பாவுக்குக் கால்வாய் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதனால் இது அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். "நமக்கு வர்ற ஆர்டர் மாதிரிதான் பாப்பா. எந்த மதகை எத்தனை அங்குலம் தூக்கணும், எப்ப இறக்கணும்னு தாள்ல இருக்கும். தண்ணி தாள்லயா இருக்கு? மேலேருந்துல்ல வரணும்." நாங்கள் கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்கள். தாளில் வந்த தண்ணீருக்கும் வாய்க்காலில் வந்த தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலேயிருந்து வர வேண்டியதற்கு சவுண்ட் ஃபான்ட் என்று பேர். ஒரு நிஜப் பியானோவின் கட்டைகளை ஒவ்வொன்றாக, மெதுவாகவும் ஓங்கியும் அமுக்கிப் பதிவுசெய்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய ஃபைல். முப்பது மெகாபைட். அன்றைய இண்டர்நெட்டில் அத்தான் அதைச் சென்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் சொட்டுச் சொட்டாக இறக்கி, துண்டு துண்டாக வெட்டி, சென்டரிலேயே இரவல் வாங்கிய இருபத்திரண்டு பிளாப்பிகளில் போட்டு வைத்தார். வாங்கிவர அப்பா கிளம்பினார்.

காந்தம் பட்டால் பிளாப்பி கெட்டுவிடும், ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது என்று அத்தான் எச்சரித்து அனுப்பியிருந்தார். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாக எங்கள் ஊருக்கு வரும் தனியார் பஸ்களில் ஸ்பீக்கர் இல்லாத இடம் ஓட்டுநர் மடிதான். அப்பா ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி, தலைக்குமேலே பார்த்து, இறங்கினார். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, பாட்டுப் போடாத அரசு பஸ் ஒன்று வந்ததும் அதில் ஏறி, பிளாப்பிகளை டிபன் பாக்ஸில் வைத்து மடியில் அணைத்தபடி வந்து சேர்ந்தார். அப்படியும் பதினாலாவது பிளாப்பியைக் கம்ப்யூட்டர் படிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஒற்றைப் பிளாப்பிக்காக மறுபடியும் தஞ்சாவூர் போனார். அவர் சலித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை.

எல்லாத் துண்டும் சேர்ந்ததும், அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் பதினேழாவது மெட்டைப் போட்டார். ஒரு கட்டை அமுங்கியது. சத்தம் வந்தது. வந்த உடனே செத்துப்போகாமல் கூடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தானாக மெலிந்து போனது. எனக்கே என்னவோபோல் இருந்தது. ஆனால் அப்பாவுக்குத் திருப்தி வரவில்லை. அம்மா வீட்டில் இருந்தால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியே போனால் ஸ்பீக்கரில் விட்டு, எதிரொலியை ஏற்றுவார், இறக்குவார். கடைசியில், அம்மா சீராகக் கொண்டுவந்த தேக்குப் பெட்டிமேல் ஸ்பீக்கர்களைத் தூக்கி வைத்ததும் சத்தம் உருண்டு திரண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும், "எப்படி பாப்பா இருக்கு?" என்று என்னைக் கேட்பார். சூப்பர் என்பேன். சீக்கிரம் சொன்னால் நாற்காலி சீக்கிரம் கிடைக்கும் என்று ஆசை.

வாழ்க்கையில் பியானோவையே கேட்டிராதவர் எதை வைத்துச் சரி, சரியில்லை என்றார் என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. பல வருஷம் கழித்து அத்தான் சொன்னார். ஒற்றைப் பிளாப்பிக்காகப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா படித்த பள்ளிக்கூடத்தைத் தேடிப்போய், கன்னியாஸ்திரி ஒருவரிடம், உங்கள் பியானோவை ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். விடுதிப் பெண் ஒருத்தி வாசிக்க, வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டாராம். "குதிகாலைத் தரையில ஊணிக்கிட்டு, வலது கால் விரலாலேயே மிதியை அமுக்கி அமுக்கி விடுதுடா அந்தப் பொண்ணு" என்று அத்தானிடம் ஆச்சரியப்பட்டிருக்கிறார். என் அப்பாவை நினைத்து நான் பெருமைப்படுகிற காரணங்களில் இது முதலாவது.

அந்தச் சமயத்தில்தான் என் வகுப்புத் தோழி ஒருத்தி கார் ரேஸ் சி.டி. ஒன்றைக் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தால் இடம் கொஞ்சம் போதவில்லை என்றது. இருப்பதிலேயே தடியான ஃபைல் எது என்று தேடினேன். வாயில் நுழையாத பேரோடு ஒன்று முப்பது மெகாபைட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அந்த விஷயத்தில் நான் சுத்தக்காரி. அது பியானோ என்று தெரியாது என்று சொன்னால் அது பாதிப் பொய். தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

இரண்டு நாளில் அவர்களின் கல்யாண நாள் வந்தது. அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தேக்குப் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவளை உட்காரச் சொன்னார். "பதினாலு வருஷம் ஆயிடுச்சு. பியானோ வாங்க முடியல. சத்தம் மட்டுமாவது..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் மவுஸை அழுத்தினார். திரையில் ஏதோ அறிவிப்பு வந்தது. பரபரப்பில் படிக்காமலே சரி என்று தட்டினார்.

கீச்சுச் சத்தம் வந்தது.

அப்பாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. நிறுத்தினார், மறுபடி போட்டார். அதேதான். "இது இல்ல. மூணு நாள் முன்னாடிகூட நல்லா இருந்துச்சு. இது இல்ல" என்றார். அம்மா கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். சிரித்த முகம் மாறவில்லை. "நல்லா இருக்குங்க. அப்படியே பியானோ மாதிரியே இருக்கு" என்று சொல்லி, அவர் சட்டையின் மேல்பொத்தானைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை, அப்படியானால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினேன்.

"நீ எதையாவது அழிச்சியா பாப்பா?" என்று அப்பா கேட்டார். "இல்லப்பா. கரண்டு போச்சுல்ல, அப்பப் போயிருக்கும்" என்றேன். அப்பா திரையில் புதிதாக முளைத்திருந்த சிவப்புக் கார் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கரண்டுதான் போலருக்கு" என்றார். இரவல் பிளாப்பிகளை எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினார். கார் விளையாட்டை அவர் அழிக்கவே இல்லை. அதற்கும் சேர்த்து எங்கிருந்தோ இடம் உண்டாக்கியிருந்தார்.

இந்தத் தடவை நாற்காலி போடவில்லை, தேய்த்த சட்டை இல்லை. ஒரு நாள் மத்தியானம் அம்மா கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பதினேழாவது மெட்டைப் போட்டார்.

முதல் கட்டை அமுங்கியதும் அம்மாவின் கை நின்றுவிட்டது. மடித்தும் மடிக்காததுமாக என் பள்ளிக்கூடச் சட்டை அவள் மடியில் கிடந்தது. சிரிக்கவில்லை. நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அவள் வலது காலை நீட்டி, குதிகாலைப் பாயில் ஊன்றி, விரல்களை மட்டும் அமுக்குவதும் தூக்குவதுமாக இருந்தாள். எறும்பு கடிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். பாதி மெட்டு ஓடியிருக்கும். விருட்டென்று எழுந்து, சட்டையைக் கையில் பிடித்தபடியே கொல்லைப்பக்கம் போய்விட்டாள். தென்னை மரத்தருகே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்பா கூப்பிடவும் இல்லை, பின்னால் போகவும் இல்லை. மெட்டை நிறுத்தவும் இல்லை.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு அலைந்தும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையே. ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். "அம்மாவுக்கு முதல்ல போட்ட சத்தம்தான்பா பிடிச்சிருக்கு. அன்னிக்கு எவ்வளவு சிரிச்சாங்க!"

"அப்படியா பாப்பா" என்றார் அப்பா. எழுந்துபோய்க் கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்தார். திரும்பி வந்து, மெட்டை முதலிலிருந்து போட்டார்.

நான் அம்மா உட்கார்ந்திருந்த பாயை எடுத்து உதறிப் பார்த்தேன். எறும்பு எதுவும் இல்லை.