பச்சைத் துணித் திரை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஸ்ரீவைகுண்டத்தில் என்னைச் சோறு தின்ன உட்கார வைப்பதற்குள் வீட்டில் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிடும். பேசும்போது நடப்பேன், போன் வந்தால் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவேன். அப்படிப்பட்டவளுக்குத் தூத்துக்குடியில் வாய்த்த வேலை, கோர்ட்டு வராந்தாவில் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

கொலை, வெட்டுக்குத்து வழக்குகளில் அடிபட்டவர்களுக்கும், அதைக் கண்ணால் கண்டுவிட்டவர்களுக்கும் துணை இருக்கும் வேலை. கோர்ட்டில் யார் எங்கே இருப்பார்கள், எப்படிக் கூப்பிடுவார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் சொல்லித் தரலாம். கை நடுங்கினால் தண்ணீர் கொடுக்கலாம். மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்டு மனு போடச் செய்யலாம். என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கக் கூடாது. சொல்லிக் கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டால் வழக்கே கவிழ்ந்துவிடும். சும்மா இருக்க முடியாத காலும் சும்மா இருக்க முடியாத வாயும் கொண்ட எனக்கு, இரண்டையும் கட்டிப்போடும் வேலை.

அப்படி நான் துணை இருந்தவர்களில் ஒருத்தி, வேம்பாருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. விடியுமுன் கரையில் மீன் ஏலம் எடுத்து, உள்ளே இருக்கும் ஊர்களுக்கு லோடு ஆட்டோவில் கொண்டுபோய் விற்பவள். சாளை சாளை என்று அவள் கூப்பிட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்று அவள் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நான் பார்த்தபோது அவளுக்கு அந்தக் குரல் இல்லை. பக்கத்தில் குனிந்து கேட்டால்தான் கேட்கும். அவளுடைய தங்கையை, தங்கையின் புருஷன் குத்திக் கொன்றிருந்தான். குழம்புக்கு மீன் கொடுக்கப் பின்வாசல் வழியாகப் போனவள் அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

தங்கைக்கு ஒரு பெண் குழந்தை, பால்வாடிக்குப் போகிற வயது. அன்றைக்கு அது பெரியம்மா வீட்டில் இருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் அங்கேயேதான் இருந்தது. அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. ஜாமீனில் வெளியே வந்தவன், கேஸ் உடைந்த மறுநாள் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தான். விடுதலையாகிவிட்டால் தகப்பன் என்று வந்து நிற்பவனைத் தடுப்பது பெரும்பாடு. ஆகவே அந்தப் பிள்ளை யாரிடம் வளரும் என்பது, இவள் கூண்டில் ஏறி வாயைத் திறப்பதில்தான் இருந்தது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

வாய்தா மேல் வாய்தா போனது. ஒரு தடவை வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஒரு தடவை ஏதோ காகிதம் வந்து சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, கடற்கரை ரோட்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவனும் அதே வராந்தாவில் நண்பர்களோடு நிற்பான். அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டான். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்வான், அவ்வளவுதான். அவள் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்புவாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். எழுந்து போய் அவனை நாலு கேள்வி கேட்கலாம் என்று கால் பரபரக்கும். கேட்டால் வேலை போகும், வேலையோடு வழக்கும் போகும். வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பேன். காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர், "யக்கா, நீங்க நடக்கதப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்று ஒரு நாள் சொன்னார்.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் பேச முடியாது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கூண்டுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு திரை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், விடாமல் கேட்டால்தான் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும். அரசு வக்கீலை அவர் டீ குடிக்கும் இடம்வரை துரத்தினேன். கடைசியில் மனு போட்டு, நீதிபதி அம்மாவும் சரி என்றார். ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நிறுத்துவார்களே, இரும்புச் சட்டத்தில் பச்சைத் துணி, அது ஒன்று வந்து சேர்ந்தது. ஏதோ நானே துணி நெய்து கொண்டுவந்த மாதிரி எனக்குப் பெருமை.

அவள் சாட்சி சொல்லும் நாள் வந்தது. காலையிலிருந்தே காற்று. உப்பளத்துப் பக்கமிருந்து அடித்த வெக்கையில் ஜன்னல் கதவுகள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தன. அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினாள். திரையைப் பார்த்தாள். பார்த்த உடனே அவள் உடம்பில் ஒரு மாற்றம் வந்ததைப் பின்வரிசையிலிருந்து நான் கண்டேன். முக்காட்டைச் சரிசெய்தாள், இரண்டு கைகளையும் கோர்த்துக்கொண்டாள், தலையைத் துணியை ஒட்டிச் சாய்த்துக்கொண்டாள். பரவாயில்லையே, அமைதியாகிவிட்டாளே என்று நினைத்தேன்.

அன்று என்ன நடந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். தங்கையைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று அவள் ஆரம்பித்தாள். அடி தாங்க முடியாமல் தங்கை இரண்டு முறை தன் வீட்டுக்கு ஓடிவந்ததையும், ஊர் என்ன சொல்லும் என்று பயந்து இரண்டு முறையும் தானே பஸ் ஏற்றி விட்டதையும் சொன்னாள். அன்று காலை கூப்பாடு கேட்டும் உள்ளே பாயாமல் வாசலிலேயே நின்றுவிட்டதைச் சொன்னாள். அது சரி, அங்கே யாரைப் பார்த்தீர்கள், அவர் கையில் என்ன இருந்தது என்று வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார்.  அதற்கும் அவள், எல்லாம் என் பிழை என்றாள். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா என்று நீதிபதி கேட்டதற்கு, இன்னும் சன்னமாக அதையே சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் வேகவேகமாகக் குறித்துக்கொண்டிருந்தார், முகத்தில் கல்யாண வீட்டுக் களை. டைப் அடிக்கும் பெண்ணின் விரல் மட்டும் நின்று நின்று ஓடியது.  எழுந்து நின்றேன். கோர்ட்டு ஊழியர் உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்துவிட்டேன். உணவு இடைவேளைக்குப் பிறகு தொடரலாம் என்று நீதிபதி சொன்னது என் அதிர்ஷ்டம்.

சாட்சிகள் அறையில் அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கக் கூடாது. அவன் பெயரைச் சொல் என்று சொல்லக் கூடாது. சாட்சி பாதியில் நிற்கும்போது அதைப் பற்றியே பேசக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். அவளோ டீயில் பன்னை நனைத்துச் சாப்பிட்டாள். இத்தனை மாதத்தில் அவள் என் முன்னால் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. முகம் தெளிந்திருந்தது.

"ஒண்ணு விடாமச் சொல்லிட்டேம்லாக்கா. அந்த ஜட்ஜம்மா எனக்கு என்ன சொல்லுவாவ?" என்று கேட்டாள்.

நீதிபதி அம்மாவா, அவர் உனக்கு எதைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"பாவத்தச் சொன்னா ஏதாது சொல்லுவாவள்ளா. தங்கச்சி செத்ததுலேர்ந்து நான் பாவசங்கீர்த்தனத்துக்கே போவலக்கா. தொட்டி பக்கத்துல வரைக்கும் போவேன், வாய் வராது, திரும்பிருவேன். இங்கன அந்தத் துணியப் பாத்ததும் தன்னால வந்துட்டு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நானும் பார்த்திருக்கிறேன். நடுவில் சட்டம், அதில் ஒரு துணி, அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் முழந்தாளில் ஒருத்தி. அவளுக்கு இது கோர்ட்டு என்று தெரியாமல் இல்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு, துணியைக் கண்டதும் தன் பாட்டுக்குப் போய்விட்டது. நான் தெருத்தெருவாக அலைந்து வாங்கிய திரை.

பிறகு நான் கேட்காமலேயே அவள் மிச்சத்தையும் சொன்னாள். "நம்ம பாவத்த மட்டுந்தானக்கா சொல்லணும். அடுத்தவிய பாவத்த அங்கன சொல்லக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லித் தந்திருக்காவ."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எது சாட்சியைப் பற்றிய பேச்சு, எது கோர்ட்டைப் பற்றிய பேச்சு என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். கோர்ட்டு என்றால் என்ன என்று சொல்வது என் வேலை. அதை மட்டும் சொன்னேன்.

"ஏளா, இது கோயில் இல்ல. உள்ள இருக்கவங்க ஒன்னய மன்னிக்கதுக்கு உக்காரல. தண்டிக்கதுக்கும் உக்காரல. கேக்கதுக்கு நீ பதில் சொல்லணும், அவ்வளவுதான் இங்க."

அவள் பன்னைக் கீழே வைத்தாள். 

"அப்பம் என் பாவத்த யாருகிட்டச் சொல்ல?"

 சாயங்காலம் என்னிடம் சொல் என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான்.

இடைவேளை முடிந்து கூண்டில் ஏறினவள், யாரும் கேள்வி கேட்கும் முன்னால் நீதிபதியைப் பார்த்தாள்.

"இந்தத் துணிய எடுத்திருங்கம்மா" என்றாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எவ்வளவு நடந்திருப்பேன் அதற்காக. யாராவது உங்களை வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றாள். திரை இருந்தால் தனக்குத் தன் பிழை மட்டும்தான் வாயில் வருகிறது என்றாள்.  நீதிபதி எடுக்கச் சொன்னார். சக்கரம் துருப்பிடித்து நகர மாட்டேன் என்றது, இரண்டு பேர் தூக்கித்தான் ஓரமாக வைத்தார்கள்.

அவன் அங்கே நின்றான், சட்டைக் கையை மடித்தபடி. அவள் அவனைப் பார்த்தாள். கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.  இன்னார், இந்த இடத்தில் நின்றான், கையில் இது இருந்தது, இப்படிச் செய்தான் என்று ஏலக்கரையில் பேசும் குரலில் சொன்னாள். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காலையில் ஏன் சொல்லவில்லை, இடைவேளையில் யார் சொல்லிக் கொடுத்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். அந்தக்கா இது கோயில் இல்லை என்று மட்டும்தான் சொன்னாவ என்று என்னைக் கைகாட்டினாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் சிமெண்டுப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நான் நடக்க ஆரம்பித்தேன்.  அவள் பெஞ்சில் பக்கத்து இடத்திலிருந்த தூசியை முந்தானையால் தட்டிவிட்டாள். போய் உட்கார்ந்தேன்.

கோர்ட்டில் சொன்னதையே திரும்பவும் சொன்னாள், ஆனால் மெதுவாக, அவளுக்கு வேண்டிய வரிசையில். இரண்டாம் முறை தங்கை போகமாட்டேன் என்று பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். இவள்தான் அந்த விரல்களைப் பிரித்து உள்ளே ஏற்றிவிட்டாளாம். ஒரு பஸ் வந்து போனது. எனக்குக் காலெல்லாம் குறுகுறுத்தது, எழுந்திருக்கவில்லை. கடைசியில்தான் அடிமனதில் இருந்தது வந்தது.

"பிள்ள என்னய அம்மாங்குது. நான் கேக்காத மாரி அடுப்புல எதயாது கிண்டிட்டு இருந்துருவேன். எந்த மொகத்த வச்சி என்னன்னு கேக்க?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. மன்னிக்க நான் யார். அவள் தங்கைக்கு நான் யாருமில்லை. பாவமில்லை என்று சொன்னாலும் அவள் நம்பப் போவதில்லை.

"அது ஒன் பாவத்துக்குப் பதில் கேக்கலளா. அதுக்குப் பசிச்சிருக்கும். கூப்பிட்டா என்னன்னு கேளு" என்றேன்.

 அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாள். ஏறும்போது கம்பியைப் பிடிக்காமல் ஏறினாள்.

தீர்ப்பு வெகு நாள் கழித்து வந்தது. அவனுக்கு ஆயுள். அவளுக்கு முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று கோர்ட்டு வாசலிலேயே போன் போட்டேன், வழக்கம்போல நடந்துகொண்டே. செய்தியைக் கேட்டு அவள் சந்தோஷப்படவும் இல்லை, அழவும் இல்லை. அப்படியா என்றாள். மேல்முறையீடு போவானா, போனால் மறுபடியும் கூண்டில் ஏற வேண்டுமா என்று கேட்டாள். போனாலும் நீ ஏற வேண்டியிராது, காகிதத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம், வீட்டுக்குள் எங்கிருந்தோ, ஒரு சின்னக் குரல் அம்மா என்று கூப்பிட்டது. என் நடை நின்றது. மறுபடியும் கூப்பிட்டது.

"இந்தா வாரேன்ளா" என்றாள் அவள்.

போனை வைக்கிறேன் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.