போடாத பூட்டு

மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கும் பிரபாகருக்கு ஊரில் வைத்த பெயர் ‘த்தூ பிரபாகர்’. எதைக் கண்டாலும் அவன் வாயில் முதலில் வருவது அதுதான். ஃப்ளெக்ஸில் பல்லைக் காட்டும் தலைவருக்கும் த்தூ, லேட்டாக வரும் ரயிலுக்கும் த்தூ. பத்து வருஷமாக அவன் திட்டாத ஒரே விஷயம், கம்ப்யூட்டரை ஓட்ட இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள். ஊரார் காயலான் கடைக்குத் தள்ளும் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, அதிலேயே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்து வந்தான். “இதுல விளம்பரம் வராதுங்க, வேவு பாக்காதுங்க” என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பிரசங்கம் வேறு.

போன வைகாசியில் அந்தப் பழைய பெட்டி புகைவிட்டு அடங்கிப்போனது. நல்ல முகூர்த்த சீசன். வேறு வழியில்லாமல் தர்மபுரியில் ஒரு கடையில் புது லேப்டாப் வாங்கினான். “மெயில் ஐடி போட்டாத்தாண்ணா உள்ளயே போவும்” என்றான் அங்கே விற்பனையில் இருந்த வீரமணி.

“எதையாச்சும் போட்டுக் குடுப்பா. எப்படியும் இதையெல்லாம் வழிச்சு எறிஞ்சுட்டு லினக்ஸ் ஏத்தப்போறேன்” என்றான் பிரபாகர். வீரமணி தன் கடை மெயிலைப் போட்டுக் கொடுத்தான்.

சீசன் நெருக்கடியில் லினக்ஸ் ஏற்ற நேரம் கிடைக்கவில்லை. அந்த லேப்டாப்பில்தான் பச்சியப்பன் மகள் ஐஸ்வர்யாவின் கல்யாணம் இருந்தது. தாலி கட்டியது தீர்த்தமலைக் கோயிலில். அன்றைக்குப் பெண்ணின் அம்மா கண்ணம்மாள் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரே மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவள். வீடியோவில் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அவள் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். பிரபாகரோ வழக்கம்போல, அடுத்த முகூர்த்தத்துக்காகக் கேமரா கார்டுகளைத் துடைத்துவிட்டான். வேறு பிரதி கிடையாது.

வீடியோ முக்கால்வாசி முடிந்திருந்த ஒரு நாள், லேப்டாப் தானாகவே அணைந்தது. அப்டேட் ஆகிறது, பொறுத்திரு என்றது. திரும்பி வந்தபோது காலையிலிருந்து செய்த வேலையைக் காணோம். மூலையில் ஏதோ விளையாட்டு விளம்பரம் குதித்துக்கொண்டிருந்தது. பிரபாகர் லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினான்.

“த்தூ! வாங்குனவன் நானு. என் வூட்டுக்குள்ளயே பூந்து என்னைய ஒக்காரு எந்திரிங்கிறான்!”

உள்ளே இருக்கும் வீடியோவைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம் என்று அப்போதே அதைச் செருகினான். லேப்டாப் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் சரியாகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். புதுப்பித்தான். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. பாதுகாப்புச் சிப்பைப் புதிதாக்கவா, டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் சாவி தேவைப்படும், சரியென்றால் ‘ஒய்’, வேண்டாமென்றால் ‘என்’ எழுத்தை அமுக்கு. ‘நாம எங்க பூட்டு போட்டோம்?’ என்று நினைத்தான். ஒய்யை அமுக்கினான்.

அவன் போடவில்லை, வாஸ்தவம்தான். கம்பெனியே கேட்காமல், சொல்லாமல், முதல் நாளே போட்டிருந்தது. இப்போது நீலத் திரை நாற்பத்தெட்டு இலக்கம் கொண்ட சாவியைக் கேட்டது. சாவி உங்கள் மெயில் கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்று ஆறுதல் வேறு.

வீரமணி இப்போது ஓசூரில் வேறு வேலையில் இருந்தான். “அந்த மெயிலாண்ணா? அதுலயே முப்பது நாப்பது லேப்டாப் போட்டுக் குடுத்திருப்பேன். கடைய மூடுனப்ப ஓனரு அதையும் அழிச்சுட்டாருண்ணா” என்றான் போனில். கஸ்டமர் கேரில் ஒரு குரல், உங்கள் பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம் சார் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தது. அந்தத் தேன் ஒழுகும் குரலுக்கும் பிரபாகர் ஒரு த்தூ போட்டான்.

மறுநாள் காலை, வீடியோவை ஏற்றிப்போகப் பச்சியப்பன் பென்டிரைவோடு வந்து நின்றார். “வாக்கர புடிச்சு நடந்து வந்து, இப்பவே டிவி முன்னால ஒக்காந்துட்டா தம்பி” என்று சிரித்தார்.

பிரபாகர் எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனி போட்ட பூட்டைச் சொன்னான், கடை மெயிலைச் சொன்னான், இனிமேல் எவனாலும் திறக்க முடியாது என்பதையும் சொன்னான். ஒய்யை அமுக்கியதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தான். அதற்குள் பச்சியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு எழுந்து அவன் தோளைத் தட்டினார். “உன் பொருளுக்கு உன்னையே கேக்காம பூட்டு போட்டிருக்கானே, வெளங்குவானுங்களா! நீ என்ன சாமி பண்ணுவ? உம்மேல தப்பில்லைன்னு நான் கண்ணம்மாகிட்ட சொல்லிக்கிறேன்.”

பிரபாகர் வாயைத் திறந்தான். “ஆமாங்க, கம்பெனிக்காரனுங்க அப்படித்தாங்க” என்றுதான் வந்தது.

பச்சியப்பன் பென்டிரைவைத் திரும்பவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். பிரபாகரின் வாயில் எச்சில் ஊறி நின்றது. இந்தத் தடவை அதை யார் முகத்தில் துப்ப வேண்டும் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. விழுங்கிக்கொண்டான்.