கினுயோவின் இரண்டு பாட்டில்கள்

ஜப்பானில் ரொக்கோ மலைக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊரில் எரிமலை கிடையாது. ஆனாலும் கிணற்றில் கொதிக்கக் கொதிக்க நீர் வருகிறது, கடல்நீரைவிட உப்பாக. குளியல் தொட்டியில் அது செங்காவியாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைத் துண்டு கறைபட்டால்தான் விருந்தாளிக்கு நம்பிக்கை.

நான் கொதிகலனைக் கவனித்துக்கொண்ட வெந்நீர் ஊற்று விடுதியில் குழாய் சுத்தம் செய்தவர் கினுயோ. குழாய்க்குள் சுண்ணாம்புப் படிவம் கல்லாக இறுகும். பதினேழு வருடங்களாக அதை இரும்புக் கம்பியால் குத்தி உடைத்துக்கொண்டிருந்தார். பெரிய நிலநடுக்கம் வந்து மூன்றாம் ஆண்டு, குழாய் வேலைக்காக விடுதியை மூன்று நாள் மூடியபோது, தளர்ந்த குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் புது ரப்பர் வளையம் போட்டார்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குத் தொட்டி நிறைந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

கணக்கர் யசுமுரா முதலில் பார்த்தார். "குடிதண்ணிக் குழாயத் திறந்து விட்டுட்டீங்களா, கினுயோ-சான்? கம்பி புடிச்சுக் கை வலிச்சுதோ?"

"நாக்குல வச்சுப் பாருங்க."

"உப்பு போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"கடல விட ரெண்டு மடங்கு உப்பு. லாரியிலயா கொண்டாந்தேன்?"

விடுதியை நடத்தும் ஒகாமி சிரிக்கவில்லை. மூன்று மணிக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். "ஊத்து கோவிச்சுக்கிச்சு. கோயில்ல இருந்து பூசாரிய வரச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு கினுயோவின் முகத்தைப் பாராமலே, "நீங்க சாவிய மேசையில வச்சுட்டுக் கெளம்பலாம்."

ஊற்றின் கோபத்துக்குப் பூசாரி. வேலை போவதோ குழாய் சுத்தம் செய்கிறவருக்கு. இரண்டும் ஒரே மூச்சில் எப்படிச் சரியாகும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றும் அது என்னை அரிக்கிறது.

கினுயோ சாவியை வைக்கவில்லை. கிணற்றடியிலிருந்து இரண்டு பாட்டில்களில் நீர் பிடித்து வந்தார். ஒன்றை விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழ்கூட இல்லாமல் இறுக மூடினார். மற்றதைப் பாதி நிரப்பித் திறந்தே வைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்டுதோறும் மாதிரி எடுக்க வரும் பெண் அப்படித்தான் மூடுவாள். ஏன் என்று அவளிடம் கேட்ட ஒரே ஆள் கினுயோ.

"இது மழைத்தண்ணி இல்ல, ஒகாமி. தெக்க கடலோட தரை நம்ம நாட்டுக்கு அடியில சொருகிக்கிட்டே போகுது. கடல்தண்ணி அந்தப் பாறைக்குள்ளயே சேர்ந்து போயிடுது. அம்பது அறுபது கிலோமீட்டர் ஆழத்துல சூடும் அழுத்தமும் அதைப் பிழிஞ்சு வெளிய தள்ளுது. அசோ மலைப் பக்கம் அதே மாதிரித் தண்ணிதான் மேல இருக்கற பாறைய உருகவச்சு எரிமலையாக்குது. இங்க நேரா ஏறி வந்துடுது. அதுல கரைஞ்ச இரும்பு இருக்கு. காத்து பட்டாத்தான் துருவாகும். இத்தனை நாளும் மூட்டு வழியாக் காத்தை உறிஞ்சி, வர்ற வழியிலயே செவந்துச்சு. நான் அடைச்சுட்டேன்."

"எப்பச் செவக்கும்?"

"மூணு மணிக்குள்ள. செவக்கலன்னா சாவி உங்களோடது."

பன்னிரண்டு மணிக்குத் திறந்த பாட்டில் கலங்கியது. பூசாரி வந்து தேநீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு மணிக்கு அது வைக்கோல் நிறம். யசுமுரா யாரும் பார்க்காதபோது மூடிய பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். அது தெளிவாகவே இருந்தது. இரண்டேகாலுக்கு நான் தொட்டிக்குப் போனேன். அடியிலிருக்கும் கல் தெரியவில்லை.

ஒகாமி தானே வந்து வெள்ளைத் துண்டை முக்கி எடுத்தார். செம்பழுப்பு ஏறியிருந்தது. அவர் கினுயோவின் முன் இடுப்பு வளையக் குனிந்து, நிமிர வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"கடல்ல இருந்து இங்க வர அம்பது லட்சம் வருஷம் ஆச்சாம். உங்களால அஞ்சு மணி நேரம் பொறுக்க முடியல" என்றார் கினுயோ. குரலில் சூடு இல்லை.

பூசாரி சும்மா திரும்பவில்லை, குளித்துவிட்டுத்தான் போனார். கினுயோ கொதிகலன் அறை வாசலில் உட்கார்ந்து, காலையில் பிரிக்காமல் வைத்திருந்த சோற்று உருண்டையைத் தின்றார். சாவி அவர் இடுப்பில் தொங்கியது.